கை காட்டினால் நிற்குமா வண்டி?

தண்டையார்பேட்டை அகஸ்தியா பஸ் ஸ்டாப். மத்தியானம் மூணு மணி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரோட்டில் நெரிசல் இல்லை.

எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஆயா. இரண்டு கையிலும் இரண்டு பை. ஒரு பையிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கிறது. எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஒரு அடி எடுத்து வைக்கிறார். மோட்டார் சைக்கிள் ஒன்று விர்ரென்று மூக்கை உரசிக்கொண்டு போகிறது. பின்வாங்குகிறார். மறுபடியும் ஒரு அடி. ஒரு வேன். மறுபடியும் பின்வாங்கல். அப்புறம் ஷேர் ஆட்டோ. அப்புறம் ஒரு கார்.

கடைசியில் இரண்டு பையையும் இடது கையில் மாட்டிக்கொண்டார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். இறங்கி விட்டார். பிரேக் சத்தம் கிறீச்சிட்டது. ஒரு ஸ்கூட்டர்க்காரர் "ஏய் கிழவி, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று ஒரு வசனத்தைப் பேசிவிட்டுப் போனார். ஆயா எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து விட்டார். அன்றைக்குத் தப்பித்தார்.

"ஏன் ஆயா, கொஞ்சம் நின்னு நிதானமா வரக்கூடாதா?" என்று கேட்டேன்.

"எவ்ளோ நேரம் நைனா நிக்கிறது? நிக்க நிக்க வந்துகினே கீறான். நான் கைய காட்னேன், அவன் நிக்கல. நான் இன்னா பண்ணட்டும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

கை காட்டுகிற ஊர்

ரோட்டைக் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டுவது நம்ம ஊர்ப் பழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் குழந்தையிலிருந்து கிழவர் வரை எல்லோருக்கும் தெரியும். "அய்யா சாமி, கொஞ்சம் பொறுங்க, போய்க்கிறேன்" என்று கையாலேயே கெஞ்சுகிற கெஞ்சல் அது. டிரைவருக்கு மனசு இருந்தால் நிற்பார். மனசு இருந்தும் நிற்க முடியாத வேகத்தில் வந்தால்?

அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆளைப் பார்த்த பிறகு நிற்க வேண்டும் என்று நினைப்பது வேறு. நிற்க முடிவது வேறு. இடையில் இருப்பது வேகம்.

ஒரு கணக்கு பார்ப்போம். கஷ்டமான கணக்கு இல்லை. மளிகைக் கடைக் கணக்குதான்.

மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு செகண்டில் சுமார் 27 அடி ஓடும். 60-ல் வந்தால் 55 அடி. குறுக்கே ஆள் வருவதைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு செகண்ட் ஆகி விடும். அந்த ஒரு செகண்டும் வண்டி பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும். எல்லாம் சேர்த்து, காய்ந்த நல்ல ரோட்டில், நல்ல பிரேக் உள்ள வண்டி 30 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து சுமார் 44 அடியில் நின்று விடும். 60 கிலோ மீட்டர் என்றால் 120 அடி வேண்டும். வேகம் இரண்டு மடங்கு. நிற்கிற தூரம் கிட்டத்தட்ட மூணு மடங்கு! மழை பெய்து ரோடு வழுக்கினால் இன்னும் மோசம்.

அதாவது, ஆயாவுக்கு 50 அடி தூரத்தில் இருக்கிறபோது டிரைவர் அவரைப் பார்க்கிறார் என்று வையுங்கள். 30-ல் வந்தவர் ஆயாவுக்கு முன்னால் நின்று, "பாத்துப் போ ஆயா" என்று சொல்லலாம். 60-ல் வந்தவர் அப்போதுதான் பிரேக் பெடலையே தொட்டிருப்பார்.

அடி எப்படி விழும்? 30 கிலோ மீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் 12 அடி உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். முதல் மாடி பால்கனியிலிருந்து விழுந்த மாதிரி. கை கால் உடையலாம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். 60 கிலோ மீட்டர் என்றால் 46 அடி. நாலாவது மாடியிலிருந்து தள்ளி விட்ட மாதிரி. அந்த இடத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்தும் என்ன பிரயோஜனம்?

இது என்ன ரோடு?

திருவொற்றியூர் நெடுஞ்சாலை என்று போர்டில் எழுதியிருக்கிறது. டி.எச். ரோடு என்று நாம் சொல்கிறோம். பெயரில் நெடுஞ்சாலை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அது கடைத்தெரு.

மகாராணி ஸ்டாப்பிலிருந்து டோல்கேட் வரைக்கும் நடந்து பாருங்கள். பாத்திரக் கடை, நகைக் கடை, மருந்துக் கடை, டீக்கடை, ஸ்வீட் கடை, பழ வண்டி, பூக்காரம்மா. துணி எடுக்க எம்.சி. ரோடுக்கு வருகிற கூட்டம் ஒரு பக்கம். தியாகராயா கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பக்கம். இரண்டு பக்கமும் சந்து சந்தாக வீடுகள். ஒரு சந்தில் குடியிருப்பவர் எதிர்ச் சந்தில் தண்ணீர் கேன் சொல்லப் போவார். ரேஷன் கடைக்குப் போவார். சொந்தக்காரர் வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்புவார். ரோடு நடுவே ஓடுகிறதே தவிர, இரண்டு பக்கமும் ஒரே ஊர்.

அகஸ்தியா தியேட்டர் 2020-ல் மூடியாகி விட்டது. ஸ்டாப்புக்கு மட்டும் பேர் நிற்கிறது. முன்பெல்லாம் ஆட்டம் விட்டால் ஜனம் அலை அலையாக ரோட்டில் இறங்கும். அப்போது வண்டிதான் நிற்க வேண்டும், வேறு வழி கிடையாது! ஆயிரம் பேர் சேர்ந்து கை காட்டினால் எந்த டிரைவரும் நிற்பார். ஒத்தை ஆளாக ஒரு ஆயா கை காட்டினால்தான் நிற்க மாட்டேன் என்கிறார்கள்.

டோல்கேட் என்ற பெயரையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய இடம் என்று பெயரே சொல்கிறது. மெட்ரோ ரெயில் ஸ்டேஷனுக்குக்கூட சுங்கச்சாவடி என்றுதான் பெயர். நின்று போவதற்கென்றே பெயர் எடுத்த இடத்தில் இப்போது எவரும் நிற்பதில்லை.

மெட்ரோ வேலைக்காக இந்த ரோட்டைப் பல வருஷம் தோண்டிப் போட்டிருந்தார்கள். புழுதி, பள்ளம், சுற்று வழி. வியாபாரம் படுத்தது. கடைக்காரர்கள் பட்ட பாட்டை அவர்களைக் கேட்டால் தெரியும். 2021 பிப்ரவரி 14-ந் தேதி வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரெயில் ஓட ஆரம்பித்தது. நல்ல விஷயம். ரோடும் திரும்பக் கிடைத்தது. கூடவே வேகமும் வந்து விட்டது. பள்ளத்தில் ஊர்ந்த வண்டிகளுக்கு இப்போது வழவழப்பான தார் ரோடு.

எந்த நேரம் ஆபத்து?

"சார், டி.எச். ரோட்டுல எங்க சார் வேகமாப் போறது? காலைல பாருங்க, நகரவே முடியாது" என்று ஒரு ஆட்டோ டிரைவர் என்னிடம் சண்டைக்கு வந்தார்.

அவர் சொன்னது உண்மை. காலை 9 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் இந்த ரோட்டில் வேகம் கிடையாது. வண்டிகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். இடுக்கில் புகுந்து ஆள் போய் விடலாம். திட்டு வாங்கலாம்; முட்டியில் ஒரு இடி வாங்கலாம். உயிர் போகாது.

ஆபத்து ரோடு காலியாக இருக்கும்போதுதான். விடியற்காலை பால் வாங்கப் போகிற நேரம். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணி. ராத்திரி ஒன்பதரைக்கு மேல். அப்போது போலீஸ்காரர் சாப்பிடப் போயிருப்பார், அல்லது டூட்டி முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். சிக்னல் மஞ்சளில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ரோட்டைப் பார்த்ததும் வண்டிக்காரனுக்குக் கை தானாக முறுக்கும். காலையில் நெரிசலில் இழந்த நேரத்தையெல்லாம் அந்த ஒரு கிலோ மீட்டரில் பிடித்து விடலாம் என்று ஒரு ஆசை.

கன்டெய்னர் லாரியைப் பற்றித்தான் வடசென்னையில் எல்லோரும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் லாரி வருவது தூரத்திலேயே தெரியும், சத்தம் கேட்கும், ஒதுங்கி விடுவோம். ராத்திரி ஒற்றை விளக்கோடு வருகிற மோட்டார் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று நல்ல கண் உள்ளவருக்கே மட்டுப்படாது. கிழவிக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் எப்படித் தெரியும்? ஓட்டுகிற பையனைத் திட்டியும் பயன் இல்லை. நிமிஷக் கணக்கில் டெலிவரி என்று யாரோ குளுகுளு அறையில் உட்கார்ந்து வாக்கு கொடுத்து விட்டார்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற இந்தப் பையன் ஓடுகிறான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். விழுந்தால் அவனுக்கும் எலும்பு முறியும்.

பஸ்ஸில் போகிறவர்களே, உங்களுக்கும்தான்!

"நான் எங்கே ரோட்டில் நடக்கிறேன்? நான் பஸ்ஸில் ஆபீசுக்குப் போகிறவன்" என்று நினைக்கிறீர்களா? காலையில் ரோட்டின் இந்தப் பக்கம் பஸ் ஏறுகிறீர்கள். சாயங்காலம் அதே ஸ்டாப்பில் எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள்? எதிர்ப்பக்கம்! வீடு வந்து சேர ரோட்டைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு தடவையாவது இந்தக் கண்டத்தைத் தாண்டுகிறவர்கள்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெண்கள் கூட்டம் பஸ்ஸில் கூடியிருக்கிறது. ரோட்டைத் தாண்டுகிற கூட்டமும் கூடத்தானே செய்யும்?

பஸ் ஸ்டாப்பில் இன்னொரு கூத்து. ஸ்டாப்பை ஷேர் ஆட்டோக்கள் பிடித்துக்கொள்ளும். பஸ் நடுரோட்டில் நிற்கும். இறங்கியவர் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் புகுந்து எதிர்ப்பக்கம் ஓடுவார். பஸ்ஸை முந்திக்கொண்டு வருகிற வண்டிக்கு இவர் தெரிய மாட்டார். இவருக்கு வண்டி தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும்போது நடுவில் நாலு அடிதான் இருக்கும். தயவுசெய்து பஸ் போன பிறகு கடந்து போங்கள். அரை நிமிஷம்தான்.

நம் மேலும் தப்பு இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. காதில் வயரை மாட்டிக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடியே ரோட்டில் இறங்குகிற தம்பி தங்கைகளை நானும் பார்க்கிறேன். நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளியில் பிள்ளையை முன்னே தள்ளி விட்டுப் பின்னே வருகிற அம்மாவையும் பார்த்திருக்கிறேன். திட்டலாம். அபராதம் போடலாம். ஆனால் கவனப் பிசகுக்கு மரண தண்டனை எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

எவ்வளவு இடைவெளி வேண்டும்?

ரோட்டின் அகலம் ஒரு பேச்சுக்கு 50 அடி என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆள் ஒரு செகண்டுக்கு நாலு அடி நடப்பார். என்ஜினீயர்கள் சிக்னலுக்குக் கணக்குப் போடுவதும் இதை ஒட்டித்தான். பன்னிரண்டு பதின்மூன்று செகண்ட் ஆகும். அந்த நேரத்துக்குள் 60 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிற வண்டி 690 அடி வந்து விடும். அதாவது கிட்டத்தட்ட எழுநூறு அடிக்கு வண்டியே இல்லாமல் ரோடு காலியாக இருந்தால்தான் அவர் நிம்மதியாகக் கடக்க முடியும்.

நம் ஆயாவோ செகண்டுக்கு இரண்டரை அடிதான் நடப்பார். அவருக்கு இருபது செகண்ட். 60-ல் வண்டி வந்தால் 1,100 அடி இடைவெளி வேண்டும்! டி.எச். ரோட்டில் 1,100 அடிக்கு வண்டி இல்லாத நேரம் எது? பந்த் நாள் ஒன்றுதான். அதே வண்டிகள் 30-ல் வந்தால் 550 அடி போதும். அப்படி இடைவெளி நாளில் பல தடவை கிடைக்கும். நின்று நிதானமாக வரலாமே என்று நான் ஆயாவைக் கேட்டது எவ்வளவு முட்டாள்தனம் என்று இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கே புரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் புதிய வேகக் கட்டுப்பாட்டை அறிவித்தார்கள். கார்களுக்கு 60 கிலோ மீட்டர். பஸ், லாரிக்கு 50. இரு சக்கர வாகனத்துக்கு 50. ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதி ரோடுகளில் எந்த வண்டியாக இருந்தாலும் 30.

நல்ல அறிவிப்புதான். ஆனால் டி.எச். ரோடு எந்த வகை? மெயின் ரோடு என்றுதான் வண்டிக்காரர்கள் கணக்கு. அப்படியானால் பூக்காரம்மாவுக்கும் பழ வண்டிக்கும் நடுவே கார் 60-ல் போவது சட்டப்படி சரி! ரோட்டின் மேலேயே வாசல் வைத்துக் குடியிருப்பவர்கள் இருக்கும்போது இது குடியிருப்புப் பகுதி இல்லையா? சந்துக்குள் வீடு இருந்தால் 30. சந்து முனையில் வீடு இருந்தால் 60. இது என்ன நியாயம்?

உலக நாடுகள் 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிப் பேசியபோது, ஜனங்களும் வண்டிகளும் கலந்து புழங்குகிற இடங்களில் 30 கிலோ மீட்டருக்கு மேல் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். ஆஸ்திரியாவில் கிராஸ் என்று ஒரு ஊர். மெயின் ரோடுகளை விட்டு மற்ற தெருக்களில் எல்லாம் 1992-லேயே 30 கொண்டு வந்து விட்டார்கள். வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் தெருக்களுக்கு 20 மைல் என்று சட்டம் வந்தது. நம் கணக்கில் 32 கிலோ மீட்டர். அங்கேயும் கூச்சல் எழுந்தது. எழத்தானே செய்யும்?

நம் நாட்டுக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். வண்டி இல்லாதவர்கள், யாரையும் இடிக்காதவர்கள். அதே வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதல் இடம் எந்த மாநிலம் தெரியுமா? தமிழ்நாடு. 64,105 விபத்துகள். 17,884 சாவு.

ஒரு பழைய கதை ஞாபகம் வருகிறது. 1896-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற பெண்மணி கார் மோதிச் செத்தார். பிரிட்டனில் காரில் அடிபட்டு இறந்த முதல் பாதசாரி அவர்தான். மணிக்கு நாலு மைல் வேகத்தில்தான் வந்தேன் என்று டிரைவர் சாட்சி சொன்னார். விசாரித்த அதிகாரி, இப்படி ஒரு சம்பவம் இனி நடக்கவே கூடாது என்று வருத்தப்பட்டாராம். பாவம், நல்ல மனுஷர்.

கடைக்காரர்கள் கோபிக்கக் கூடாது

பிளாட்பாரத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. நடந்து போக இடம் இருந்தால் ஜனம் ஏன் ரோட்டில் நடக்கப் போகிறது? கடை போர்டு, பொம்மை, குடம், ஜெனரேட்டர், வாடிக்கையாளரின் ஸ்கூட்டர். எல்லாம் பிளாட்பாரத்தில். மனிதன் மட்டும் ரோட்டில். நடைபாதையில் நடப்பது வாழும் உரிமையோடு சேர்ந்த உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 மே மாதம் சொல்லி விட்டது. பூக்காரம்மாவும் பழ வண்டிக்காரரும் பிழைப்புக்கு நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு இடத்தை ஒதுக்கிக் கொடுக்க 2014-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. ஆனால் மூணு மாடிக் கடை வைத்திருப்பவர் பொம்மைக்குப் புடவை கட்டிப் பிளாட்பாரத்தில் நிறுத்துவதற்கு எந்தச் சட்டமும் இல்லை, அண்ணாச்சி.

"வண்டிகளை மெதுவாப் போகச் சொன்னா வியாபாரம் போயிடும் சார்" என்றார் ஒரு கடைக்காரர். எப்படிப் போகும்? 60-ல் போகிறவன் உங்கள் போர்டையே பார்க்க மாட்டான். கடைக்குள் வருகிறவன் நடந்து வருகிறவன்தான். அவனும் எதிர்ப்பக்கத்திலிருந்து வர முடியாமல் அந்தப் பக்கக் கடையிலேயே வாங்கிக்கொண்டு போய் விடுகிறான். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் ரோட்டைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கினார்கள். பார்க்கிங் போச்சு என்று அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனாலும் சாயங்காலம் போய்ப் பாருங்கள், குழந்தையைக் கையில் பிடிக்காமல் நடக்கிறார்கள்.

அவசரமாகப் போகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. மகாராணியிலிருந்து டோல்கேட் ஒரு பேச்சுக்கு 3 கிலோ மீட்டர் என்று வையுங்கள். 60-ல் போனால் 3 நிமிஷம். 30-ல் போனால் 6 நிமிஷம். மிச்சம் மூணே மூணு நிமிஷம். அதுவும் கிடைக்காது. அடுத்த சிக்னலில் நின்று, பின்னால் மெதுவாக வந்தவனையும் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறீர்கள்.

ஒரு மாசம் போதும்

சரி, என்ன செய்யலாம்? நடை மேம்பாலம் கட்டுங்கள் என்று சிலர் சொல்வார்கள். கத்தரிக்காய் வாங்க நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க ஆயாவால் முடியாது. என்னாலும் முடியாது.

நம்ம ஊர் வைத்தியம் ஒன்று உண்டு. ஒரு விபத்து நடக்கும். மறியல் நடக்கும். மறுநாள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு ஸ்பீடு பிரேக்கர் முளைக்கும். வெள்ளைக் கோடு இருக்காது, போர்டு இருக்காது. அதில் ஏறி இரண்டு பேர் விழுவார்கள். பெரிய மனுஷர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் அதுவும் காணாமல் போகும். முறைப்படி போடுகிற வேகத்தடை பன்னிரண்டு அடி அகலம், நாலு அங்குல உயரம். மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். முதுகை உடைக்கக் கூடாது. இன்னும் நல்லது, ஜீப்ரா கோட்டையே பிளாட்பார உயரத்துக்குத் தூக்கி விடுவது. கடக்கிறவர் ரோட்டில் இறங்க வேண்டாம். வண்டிதான் மேலே ஏறி இறங்கும். ஸ்டாப்புக்கு ஒன்று போட்டால் போதும்.

அதற்கு டெண்டர், பணம், மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை என்று வருஷம் ஓடும். யார் ரோடு இது என்று அவர்களே பேசி முடிக்கட்டும். அதற்கு முன்னால் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 112-வது பிரிவு. பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ, ரோட்டின் தன்மையைக் கருதியோ, ஒரு குறிப்பிட்ட ரோட்டுக்கு மட்டும் வேகத்தைக் குறைக்க அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் உரிமை உண்டு. போர்டு வைக்க வேண்டும். கெஜட்டில் அறிவிக்க வேண்டும். ஆனால் கட்டுப்பாடு ஒரு மாசத்துக்கு மேல் போகாது என்றால் கெஜட் அறிவிப்புகூட வேண்டாம்! இது சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு மாசம் செய்து பாருங்கள் என்று கேட்கிறேன். மகாராணியிலிருந்து டோல்கேட் வரை எல்லா வண்டிக்கும் 30. இரண்டு பக்கமும் பெரிய போர்டு. அழிந்து போன ஜீப்ரா கோடுகளுக்குப் புதுச் சுண்ணாம்பு இல்லை, பெயிண்ட். வேகத்தை அளக்கிற கருவியோடு இரண்டு போலீஸ்காரர்கள். முதல் வாரம் அபராதம் வேண்டாம்; நிறுத்திச் சொல்லி அனுப்புங்கள். அப்புறமும் கேட்காதவருக்கு 1,000 ரூபாய். சட்டத்தில் இருக்கிற தொகைதான்.

மாசம் முடிந்ததும் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ண வேண்டாம். முன்னே என்ன வேகத்தில் போனார்கள், இப்போது என்ன வேகத்தில் போகிறார்கள் என்று அளந்தால் போதும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் உயிர்ப் பலி விபத்துக்கான வாய்ப்பு நாலு பங்கு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. குறைந்தால் அதே அளவில் குறையும். நன்றாக இருந்தால் கெஜட்டில் போடுங்கள். ஜனங்கள் வேண்டாம் என்றால் போர்டைக் கழற்றி விடலாம். ஒரு மாசத்தில் யாருடைய வியாபாரமும் முழுகிப் போகாது.

அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. அருமையான திட்டம். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டியால் உயிர் போனால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு 2022 ஏப்ரலிலிருந்து கொடுக்கிறது. அதுவும் சரி. ஆனால் அடிபடாமல் வீடு போய்ச் சேர வழி கேட்கிறார் நம் ஆயா. அதற்குச் செலவு நாலு போர்டும் ஒரு டப்பா பெயிண்டும்தான்.

போக்குவரத்துப் போலீஸ் அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். காலை 9 மணிக்கு வர வேண்டாம். அப்போது எல்லாம் நின்றுகொண்டிருக்கும். ஒரு ஆபத்தும் தெரியாது. மத்தியானம் மூணு மணிக்கு வாருங்கள். ஜீப்பைத் தூரத்தில் நிறுத்தி விடுங்கள். தொப்பி வேண்டாம், மப்டியில் வாருங்கள். மார்க்கெட்டில் இரண்டு பை காய்கறி வாங்கிக்கொண்டு, அகஸ்தியா ஸ்டாப்பில் நின்று, கையைக் காட்டிப் பாருங்கள்.